பேரலல் போட்டாயா, பேரலல் போட்டாயா என்று இனி யாரும் கேட்காதீர்கள்

இன்னொரு முறை யாராவது "மச்சான், பேரலல் கம்ப்ரெஷன் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டால், ஹெட்போனைக் கழற்றி அவன் தலையிலேயே மாட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன். (உரத்த இடங்களை நசுக்கிச் சத்தத்தைச் சீராக்குவது கம்ப்ரெஷன். அசலைத் தொடாமல், நசுக்கிய நகல் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துக் கலந்தால் அது பேரலல் கம்ப்ரெஷன்.) கிக் (டிரம்ஸின் அந்த 'டும்') மெலிந்து கேட்கிறதா, பேரலல் போடு. சின்தசைசர் ஒட்டவில்லையா, பேரலல் போடு. மிக்ஸில் உயிரே இல்லையா, மொத்த மிக்ஸுக்கும் சேர்த்துப் போடு. ஜலதோஷத்துக்கும் முட்டிவலிக்கும் ஒரே தைலத்தை பஸ் ஸ்டாண்டில் விற்பார்களே, அந்தக் கதைதான். அந்தத் தைலத்தை வாங்கி மூன்று வாரம் தேய்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

ட்ராக் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 அடி) ஹவுஸ் என்கிற டான்ஸ் இசை: அடிக்கு ஒரு கிக், கைதட்டல் மாதிரி கிளாப், ஹை-ஹாட் சிம்பல், நிற்காமல் ஓடுகிற பேஸ். ராத்திரி இரண்டு மணிக்கு டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரு ரிட்டர்ன் ட்ராக்குக்கு (நகல் போய்ச் சேருகிற தனி ட்ராக்) அனுப்பி, அங்கே ஒரு கம்ப்ரெசரை வைத்து 15 டெசிபல் நசுக்கி, அதன் சத்தத்தைக் கூட்டுகிற ஃபேடரை மெதுவாக ஏற்றினேன். அடேயப்பா! நெஞ்சில் வந்து இடித்தது. எனக்கு நானே கை தட்டாத குறை. காலையில் காரில் போட்டுக் கேட்டால் கிக்கும் பேஸும் குழைந்துபோன பொங்கல் மாதிரி ஒன்றாகக் கிடக்கின்றன.

ராத்திரி என்னை ஏமாற்றியது வெறும் சத்தம். அசலுக்குப் பக்கத்தில் அதே சிக்னலின் நகலை 6 டெசிபல் குறைவாக வைத்தாலே மொத்தம் சுமார் மூன்றரை டெசிபல் ஏறிவிடும், இரண்டும் சம அளவாக இருந்தால் 6. கம்ப்ரெசரே வேண்டாம், சும்மா ட்ராக்கை டூப்ளிகேட் செய்தாலே போதும்! சத்தம் கூடினால் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கூடுதலாகத் தெரியும், இது 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டிய விஷயம். சரி, ஏறிய சத்தத்தை ஒரு கெயின் பிளக்-இன் போட்டு இறக்கிவிட்டு ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். எது ஆன், எது ஆஃப் என்று எனக்கே தெரியவில்லை. செய்துகாட்டுகிற வீடியோக்களில் எத்தனை பேர் இப்படிச் சத்தத்தைச் சமன்செய்துவிட்டு ஒப்பிடுகிறார்கள்? நான் பார்த்தவற்றில் பெரும்பாலானோர் ஃபேடரை ஏற்றிவிட்டு "கேட்டீங்களா வித்தியாசத்த" என்று சிரிக்கிறார்கள். கேட்டேன் சார், வால்யூம் ஏறியது. ஸ்பாட்டிஃபை எப்படியும் அதை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கிற அலகு) பக்கம் இழுத்து இறக்கிவிடும்.

இன்னொன்று. இந்த வித்தை நிஜ டிரம்ஸுக்குப் பொருந்துவதில் நியாயம் இருக்கிறது. நியூயார்க் கம்ப்ரெஷன் என்று இதற்கு இன்னொரு பெயரே உண்டு. உரத்த அடி வரும்போது நகல் நசுங்கிக் கிடக்கும், அசலின் கூர்மை அப்படியே வெளியே வரும். அடி ஓய்ந்ததும் நகல் மேலே வந்து அறையின் எதிரொலியையும், ஸ்நேர் டிரம்மில் மெல்லிசாக விழுகிற கோஸ்ட் நோட்டுகளையும் தூக்கிக் கொடுக்கும். 1983-இல் வந்த டிஆர்-909 டிரம் மெஷினின் கிக்கில் எந்த அறை இருக்கிறது, எந்தக் கோஸ்ட் நோட் இருக்கிறது? தூக்குவதற்கு மிஞ்சி இருப்பது அதன் வால் மட்டும்தான். நானோ கடையில் வாங்கிய சாம்பிள் பேக்கில் ஏற்கெனவே இரண்டு முறை நசுக்கி, உச்சியை வெட்டி (கிளிப் செய்து), செங்கல் மாதிரி வந்த கிக்கை எடுத்து மறுபடி நசுக்கினேன். பொரித்த அப்பளத்தைத் திரும்பவும் எண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? (ஜங்கிள் இசை செய்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பழைய ஃபங்க் ரெக்கார்டிலிருந்து வெட்டியெடுத்த டிரம்ஸ் துண்டில் (பிரேக்) நிஜ டிரம்மர் இருக்கிறார், அங்கே இது பிரமாதமாக வேலை செய்யும்.)

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். சைட்செயினை (கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தானாக இறக்குகிற ஏற்பாடு) இது கெடுத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. கிக் விழும்போது பேஸ் 8 டெசிபல் குனிந்து வழிவிட வேண்டும் என்று உட்கார்ந்து, ரிலீஸை (குனிந்தது நிமிர எடுக்கிற நேரம்) மில்லிசெகண்ட் மில்லிசெகண்டாக நகர்த்தி வைத்திருந்தேன். அதற்கப்புறம் பேஸுக்கும் பேரலல் போடு என்றான் நண்பன், போட்டேன். சைட்செயின் முடிந்து வருகிற பேஸ் போய் 8-க்கு 1 ரேஷியோவில் (8 டெசிபல் மாற்றத்தை 1 ஆக்கிவிடும்) இருக்கிற கம்ப்ரெசரில் விழுகிறது, ரிலீஸும் வேகம். குனிந்த பேஸும் த்ரெஷோல்டுக்கு (கம்ப்ரெசர் நசுக்கத் தொடங்குகிற எல்லை) மேலேதான் இருக்கிறது, ஆக நான் பாடுபட்டுத் தோண்டிய 8 டெசிபல் பள்ளம் நகலில் கிட்டத்தட்ட 1 டெசிபல்தான். அந்த நகலை அசலுக்கு 6 டெசிபல் கீழே வைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிக் விழுகிற நொடியில் அசல் மைனஸ் 8, நகல் மைனஸ் 7. நகல்தான் சத்தம்! வாசலில் ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்த மாதிரி. அசல், நகல் இரண்டையும் ஒரே குரூப்பில் போட்டு அந்தக் குரூப்புக்கு சைட்செயின் வைத்திருந்தால் தொல்லையே இல்லை. இதை யாரும் சொல்லவில்லை. "போடு"வோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு அசட்டுத்தனம் என்னுடையதும் உண்டு. கீபோர்டு வாசித்துப் பதிவு செய்யும்போது தாமதம் வருகிறதே என்று டிலே காம்பென்சேஷனை (ட்ராக்குகளுக்கு இடையேயான தாமதத்தைச் சரிக்கட்டுகிற வசதி) எப்போதோ அணைத்திருக்கிறேன், மறந்தே போனேன். கம்ப்ரெசரில் 1 மில்லிசெகண்ட் லுக்அஹெட், அதாவது வரப்போகிற ஒலியை முன்கூட்டிப் பார்க்க அது எடுத்துக்கொள்கிற தாமதம். அசலுக்கு 1 மில்லிசெகண்ட் பின்னால் நகல் வந்தால் 500 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரெதிராக மோதிக்கொள்ளும், அப்புறம் 1500, 2500 என்று வரிசையாகப் பள்ளம். கிளாப் ஏதோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டதற்குக் காரணம் அதுதான். நான் என்ன செய்தேன்? கிளாப்புக்கு உடம்பு பத்தவில்லை என்று நகலை இன்னும் ஏற்றினேன்.

அப்புறம் ஓடிடி. படம் பார்க்கிற ஓடிடி இல்லை, மூன்று அலைவரிசையாகப் பிரித்து மேலேயும் கீழேயும் நசுக்குகிற அந்த மல்டிபேண்ட் சமாச்சாரம். அதையும் 30 சதவீதம் கலந்து ரிட்டர்னில் போட்டேன், ஹாட் எல்லாம் ஊசி ஊசியாகக் குத்தியது. அதைப் பற்றி இப்போது பேசுகிற தெம்பு இல்லை.

நேற்று நான்கு ரிட்டர்ன் ட்ராக்கையும் அழித்துவிட்டு, கிக்கை மட்டும் சோலோவில் போட்டு அலைவடிவத்தை உற்றுப் பார்த்தேன். 125 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 480 மில்லிசெகண்ட். என் கிக்கின் வால் 400 மில்லிசெகண்ட் வரை நீண்டு பேஸின் மேல் படுத்துக் கிடக்கிறது. ஃபேடை இழுத்து 200-க்கு வெட்டினேன். பேஸ் பளிச்சென்று வெளியே வந்தது. டீ இன்னும் ஆறக்கூட இல்லை. மூன்று வாரம்டா!