கருத்தாளர் முதலில் வகுப்பில் நிற்கட்டும்

வெளிநாட்டில் நல்ல பலன் கொடுத்த ஆசிரியர் பயிற்சி ஒன்றை இங்கே கொண்டு வரப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். எங்களுக்குச் சொல்லித் தரப் போகிற கருத்தாளர் அந்த முறையில் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சில நாட்களாவது பாடம் நடத்தியிருக்கிறாரா? அதைப் பள்ளியில் செய்ய எங்களுக்கு எந்தப் பாடவேளையை ஒதுக்கியிருக்கிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், பயிற்சி பின்லாந்திலிருந்து வந்தாலும் சரி, சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் சரி, கட்டகம் என்று கையில் தருகிற பயிற்சிக் கையேடு அலமாரிக்குப் போய்விடும், வருகைப் பதிவேட்டில் எங்கள் கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இதைச் சொல்கிறேன். வேறு நாட்டுக்காக எழுதியதை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்த ஒரு கட்டகத்தில், பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர் உட்கார வேண்டும் என்று இருந்தது. பக்கத்து ஊர் ஆசிரியை எழுந்து, "எங்களோடது ஈராசிரியர் பள்ளி சார், ஒருத்தர் மீட்டிங் போயிட்டா அஞ்சு வகுப்புக்கும் ஒருத்தர்தான், இதை எப்படிச் செய்யறது?" என்று கேட்டார். "மேலேர்ந்து அப்படித்தான் கொடுத்திருக்காங்க டீச்சர், அடுத்த ஸ்லைடு பார்க்கலாம்" என்றார் கருத்தாளர். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கும் அதே ஸ்லைடைத்தான் யாரோ காட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

அதற்காக, வெளிநாட்டு முறையே நமக்கு வேண்டாம் என்கிறவர்கள் பக்கமும் நான் இல்லை. ஜப்பானைப் பாருங்கள். 1872ல் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது மேரியன் ஸ்காட் என்ற அமெரிக்கரை வேலைக்கு வைத்துத்தான் வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் பாடம் நடத்துகிற முறையைக் கற்றுக்கொண்டார்கள். கற்றதைப் பள்ளிகளில் செய்து பார்த்து, ஒருவர் வகுப்பை இன்னொருவர் வந்து பார்த்து, உட்கார்ந்து பேசி, நூறு வருடத்துக்கும் மேலாக வளர்த்ததுதான் இன்று பல நாடுகள் கடன் கேட்கிற பாட ஆய்வு. அவர்கள் மொழியில் ஜுக்யோ கென்கியூ.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் அதை வகுப்புப் பார்வை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பாடத்தை நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். கழித்தலில் எந்த எண்களைக் கொடுத்தால் பிள்ளை யோசிக்கும், எங்கே தடுமாறும், என்ன தப்பான விடை வரும் என்பது வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். அந்த நாளில் மற்ற வகுப்புகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு வகுப்பை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். ஒருவர் நடத்த, பள்ளியின் மற்ற ஆசிரியர்கள் சுவரோரமாக நின்றும், பிள்ளைகளுக்கு நடுவில் நடந்தும், எந்தப் பிள்ளை நோட்டில் என்ன எழுதி எதை அடித்தது என்று குறித்துக்கொள்வார்கள். கரும்பலகையில் எழுதியதைப் பாடம் முடியும் வரை அழிப்பதில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்வி, பிள்ளைகள் சொன்ன வெவ்வேறு வழிகள், கடைசியில் வந்து சேர்ந்த இடம், எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சும் பிள்ளை என்ன யோசித்தது என்பதைப் பற்றித்தான் இருக்கும். ஆசிரியருக்கு மதிப்பெண் போடுகிற வேலையே கிடையாது.

1995ல், பிள்ளைகளின் கணித, அறிவியல் கற்றலை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் டிம்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வின்போது ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூன்றிலும் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளை வீடியோ எடுத்து ஒப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் பாட ஆய்வு மேல் பெரிய ஆர்வம் வந்தது. நல்ல முயற்சிகளும் நடந்தன. ஆனால் நிறைய இடங்களில் முதல் முட்டுக்கட்டையே நேரம்தான். அங்கே ஆசிரியர் தன் அறையில் தனியாக வேலை செய்து பழகியவர். ஜப்பானிலோ எல்லா ஆசிரியருக்கும் ஒரே பெரிய அறையில் மேசை, தினமும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம். முறையைக் கொண்டுபோனவர்களால் இந்த அறையையும் வழக்கத்தையும் கொண்டுபோக முடியவில்லை.

இதே பாட ஆய்வு ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் ஊன்றிக்கொண்டது. 2005ல் அந்த நாட்டின் மத்திய மாகாணத்தில், ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்காவின் துணையோடு, கணித, அறிவியல் ஆசிரியர்களோடு தொடங்கினார்கள், பிறகு மற்ற மாகாணங்களுக்கும் போனது. அங்கே பள்ளிக்குள்ளேயே ஆசிரியர்கள் பருவந்தோறும் கூடிப் பயிற்சி எடுக்கும் ஏற்பாடு ஏற்கனவே இருந்தது. புதிதாக ஒரு கட்டமைப்பை எழுப்பாமல் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பாட ஆய்வை வைத்தார்கள். என் இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது என்பதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன்.

அதே ஜாம்பியாவுக்கு நம் நாட்டிலிருந்தும் ஒன்று போயிருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறை. மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளை, வகுப்பை மறந்துவிட்டு, எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று நிலை பார்த்துப் பிரித்து, தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது. நம் தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் இது இந்தியாவிலேயே முதலில் என்ன பாடு பட்டது என்பதைத்தான் நம் அதிகாரிகள் உட்கார்ந்து படிக்க வேண்டும். பிகாரில் 2008 ஜூன் மாதக் கோடை முகாம்களில் அரசு ஆசிரியர்களே இந்த முறையில் நடத்தினார்கள், பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அதே மாநிலத்தில் பள்ளி நாட்களில் பயிற்சியும் பொருட்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் நகரவில்லை, உத்தராகண்டிலும் அப்படித்தான். முகாமில் முடிந்தது பள்ளி நாளில் ஏன் முடியவில்லை? பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் இதற்கென்று நேரம் கிடையாது, அவ்வளவுதான்.

2012-13ல் ஹரியானாவில் என் இரண்டு கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அரசே இதற்காக ஒதுக்கியது. வட்டார அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து மேற்பார்வையும் பார்க்க வேண்டியவர்கள், முதலில் தாங்களே பள்ளிகளுக்குப் போய் 15 முதல் 20 நாள் பிள்ளைகளுக்கு இந்த முறையில் பாடம் நடத்தினார்கள். அதற்கப்புறம்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பிள்ளைகளின் இந்தி வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. இந்த ஆய்வுகளை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2019ல் நோபல் வாங்கினார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அந்த 15 நாள் விஷயம் மட்டும் நம்மில் யாருக்கும் தெரிவதில்லை!

2016ல் ஜாம்பியாவில் 80 பள்ளிகளில் 'கேட்ச் அப்' என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். அங்கே தொடக்க வகுப்புகளில் பெம்பா, நியாஞ்சா, தோங்கா என்று ஏழு வட்டார மொழிகள். ஆகவே கதை, பத்தி, எழுத்து அட்டை எதையும் இந்தியாவிலிருந்து அப்படியே எடுத்துப்போக வழியில்லை, அங்கேயே உருவாக்க வேண்டும். பல பள்ளிகள் ஷிப்ட் முறையில் ஓடுவதால் அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதும் தனி வேலை. அதையெல்லாம் சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டுத்தான் விரித்தார்கள்.

நம்மிடமும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான் தொடங்கியது. ஆசிரியர்கள் இந்த முறை நடக்கிற ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளிக்கே போய், பிள்ளைகள் அட்டைகளோடு தாங்களே படிப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். நான்கே வருடத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரித்தபோது அத்தனை ஆசிரியரையும் அப்படி அழைத்துப்போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் கருத்தாளர்களையாவது அனுப்ப முடியும் இல்லையா?

செலவு ஆகும், நாள் ஆகும் என்பார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆசிரியர்களை இரண்டு நாள், மூன்று நாள் என்று மையங்களில் உட்கார வைக்கிறோமே, அந்த நாட்களில் பள்ளிகளில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கணக்குப் போட்டால் இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

அடுத்த பயிற்சிக்குக் கருத்தாளர் பட்டியல் தயாரிக்கும்போது, ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு பள்ளிக்கு 15 நாள் அனுப்புங்கள். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் பள்ளிக்கே வரட்டும், என் மூன்றாம் வகுப்பைத் தருகிறேன், நான் பின் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன்.