அஞ்சறைப் பெட்டிக்குள் போன கை

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு என் அஞ்சறைப் பெட்டியில் இருந்த அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். மஞ்சள்தூள், சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம் எல்லாம் போயின. பொருளை இப்படி வீணாக்குகிறாயே என்று என் கணவர் சத்தம் போட்டார். ஒன்றரைக் கிலோ பச்சைக் கோழியைப் பிசைந்துகொண்டிருந்த கையை, சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீரில்கூடக் காட்டாமல், நேராக அந்தப் பெட்டிக்குள் விட்டு மஞ்சள்தூளை அள்ளியவர் அவர். அந்தப் பெட்டியிலிருந்துதான் மறுநாள் காலையில் என் மகளின் மோருக்குச் சீரகப்பொடி எடுக்கிறேன். இதைச் சொன்னால் நான் சண்டைக்காரி, சுத்தப் பைத்தியம், வீட்டை ஆஸ்பத்திரி ஆக்குகிறவள். ஒன்பது வருடங்களாக இதே பட்டங்களைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு புழுங்கிக் கிடக்கிறது, இன்று கொட்டிவிடுகிறேன்.

நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோழியோ ஆட்டுக்கறியோ மீனோ, சமைப்பது அவர்தான். கைப்பக்குவம் உள்ளவர், மிளகும் சோம்பும் வறுத்து அரைத்து அவர் வைக்கும் குழம்பின் வாசனை தெருமுனை வரைக்கும் போகும் என்பதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. ஆனால் அந்த ஒரு நாள் சமையலுக்கு உறவுக்காரர்கள் கொடுக்கும் மரியாதை இருக்கிறதே, அதுதான் என் வாயை அடைக்கிறது. ஆண்பிள்ளை அடுப்படியில் நின்று சமைத்துப் போடுகிறான், அதற்கும் ஒருத்தி குறை சொல்வாளா என்று என் பெரியம்மாவே என்னிடம் கேட்டார். வாரத்தில் 6 நாள் சமைக்கிறவளின் கையைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லலாம், ஒரு நாள் சமைக்கிறவரின் கையைக் கழுவச் சொன்னால் மட்டும் அது அவமரியாதை ஆகிவிடுமா?

அந்த ஒரு நாளில் நடப்பதைச் சொல்கிறேன், நீங்களே கேளுங்கள். கடையிலிருந்து கறி பாலித்தீன் பையில் வருகிறது. மகளைப் பாட்டு வகுப்பில் விட வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினால், அந்தப் பை அப்படியே குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், தயிர்க் கிண்ணத்துக்கு மேலே போய் உட்காருகிறது; பையின் மூலையிலிருந்து கசியும் இரத்தத் தண்ணீர் கீழ்த்தட்டில் இருக்கும் கொத்தமல்லிக் கட்டின் மீது சொட்டுகிறது. திரும்பி வந்ததும் கறியைச் சிங்க்கில் கொட்டி, குழாயை முழுவதும் திறந்துவிட்டு, தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்க நான்கு தடவை அலசுகிறார். சிங்க்குக்கு ஒரு முழம் தள்ளி, கழுவிக் கவிழ்த்த தட்டுகளும் டம்ளர்களும் இருக்கின்றன. அலசிய கையாலேயே குழாயை மூடுகிறார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இஞ்சி பூண்டு விழுதை எடுக்கிறார், உப்பு ஜாடியைத் திறக்கிறார், கைப்பேசி அடித்தால் எடுத்துப் பேசுகிறார். கடைசியில் அடுப்பு மேடையில் தொங்கும் துணியில் கையைத் துடைக்கிறார். பிறகு சாப்பாட்டு நேரம் வந்ததும், அதே சிங்க்கில் வாழையிலையைக் கழுவி, அதே துணியால் துடைத்து விரிக்கிறார்.

நான் வாயைத் திறந்தால் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: கொதிக்கிற குழம்பில் எந்தக் கிருமி பிழைக்கும்? சரி, குழம்பில் பிழைக்காது, ஒப்புக்கொள்கிறேன். கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற வயிற்றுநோய்க் கிருமிகள் செத்துவிடும். அரை மணி நேரம் கொதிக்கிற நம் குழம்பு அந்தச் சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும். குழம்பைப் பற்றி நான் ஒரு நாளும் சண்டை போட்டதில்லையே! அடுப்புக்குப் போகாத பொருள்களைப் பற்றித்தானே கேட்கிறேன்? வெங்காயப் பச்சடி எந்த அடுப்பில் வெந்தது? வெள்ளரிப் பிஞ்சு வெந்ததா, வாழையிலை வெந்ததா, குழந்தை தண்ணீர் குடிக்கிற டம்ளர் வெந்ததா?

2019இல் அமெரிக்க வேளாண் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. தீங்கு செய்யாத ஒரு கிருமியைக் கோழி இறைச்சியில் அடையாளத்துக்காகப் பூசிக் கொடுத்து, ஆட்களை வழக்கம்போலச் சமைக்கவும், பச்சைக் காய்கறிக் கலவை ஒன்று செய்யவும் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் சிங்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்துவிட்டதாக நினைத்த பிறகும் 14 சதவீதத்தினரின் சிங்க்கில் அது இருந்தது. 26 சதவீதத்தினரின் பச்சைக் காய்கறித் தட்டுக்கே அது போய்ச் சேர்ந்திருந்தது. இதைப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னார், அப்படியானால் இனிமேல் கழுவாமலே சமைக்கிறேன் என்று. அதே ஆய்வில், கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதத்தினரின் தட்டுக்குக் கிருமி போயிருந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. முக்கியக் காரணம் கை. பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவாமல் அடுத்த பொருளைத் தொட்டதுதான். நான் ஒன்பது வருடங்களாகக் கெஞ்சுவது அந்த 20 நொடிக்காகத்தான்.

அடுத்த பதில் அதைவிட எரிச்சலூட்டும்: இத்தனை வருடமாக இப்படித்தான் சமைக்கிறேன், யாருக்கு என்ன ஆயிற்று? ஆகியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன். அது நமக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கேம்பிலோபாக்டர் உடலுக்குள் போனால் அன்றைக்கே வயிற்றைப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் 2 முதல் 5 நாள் கழித்துத்தான் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலும் வரலாம், 6 நாள் கழித்தும் வரலாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வியாழக்கிழமை வயிறு கலங்கினால், யாருக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும்? புதன்கிழமை வாங்கிவந்த புரோட்டாவின் மேல் பழியைப் போட்டுவிடுவோம்.

போன ஆனியில் அப்படித்தான் ஆயிற்று. ஞாயிறு கோழி, புதன்கிழமை இரவு என் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு, இரண்டு நாள் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அன்றைய கோழியால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பள்ளிக்கூடத்துத் தண்ணீராகவும் இருக்கலாம். ஆனால் அன்று சிங்க்குக்குப் பக்கத்தில் நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காயைக் குழந்தை எடுத்துத் தின்றதை நான் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் உலகில் 60 கோடிப் பேர் கெட்டுப்போன அல்லது கிருமி தொற்றிய உணவால் நோயில் விழுகிறார்கள் என்றும், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 1,25,000 பேர் சாகிறார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. அந்த எண்களைப் படித்துவிட்டு, கழுவாத கை ஒன்று உப்பு ஜாடிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது மூன்றாவது பதில்தான்: எங்கள் அம்மா காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் உண்டா?

அவருடைய அம்மா காலத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அரசலாற்றங்கரையை ஒட்டிய அந்தக் கிராமத்து வீட்டில் இரண்டு வருடம் அத்தையோடு இருந்தவள் நான். அந்த வீட்டில் மீனோ கறியோ வாசல் வழியாக அடுப்படிக்கு வந்ததே கிடையாது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போகும். அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு கல், அதன் அருகில் கவுச்சிக்கென்றே ஓர் அரிவாள்மனை, கவுச்சிக்கென்றே ஒரு மண்சட்டி. காய் நறுக்கும் அரிவாள்மனை உள்ளேதான் இருக்கும், அது கொல்லைப்படி இறங்கியதே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து கெளுத்தியும் விராலும் கிடைக்கிற நாட்களில் அத்தை அந்தக் கல்லில் கல் உப்பைப் போட்டு விராலின் வழவழப்பைத் தேய்த்து எடுப்பார். சட்டியில் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே அலசி, அந்தத் தண்ணீரை வாழைமரத்தடியில் ஊற்றுவார். தெறிக்கிற துளி மண்ணில் விழும், அதன் மேல் வெயில் காயும். வேலை முடிந்ததும் அரிவாள்மனையைச் சாம்பல் போட்டுத் துலக்கிச் சுவரில் சாய்த்து வைப்பார். முழங்கை வரைக்கும் சிகைக்காய்த்தூள் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் அடுப்படிக்குள் காலெடுத்து வைப்பார். மீனும் காயும் சந்திக்கிற இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது கொதிக்கிற சட்டி.

அவர் படித்தவர் இல்லை. பாக்டீரியா என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பச்சையையும் வெந்ததையும் பிரித்து வை என்று இன்றைக்குச் சுகாதார நிறுவனங்கள் சுவரொட்டி அடித்துச் சொல்வது முழுவதும் அந்தக் கொல்லையில் நடந்துகொண்டிருந்தது. அப்போது என் கணவர் எங்கே இருந்தார்? ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தார், குழம்பு தயாரானதும் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அத்தையின் உழைப்பில் பாதியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காததை வைத்துக்கொண்டு அம்மா காலம், அம்மா காலம் என்று என் வாயை அடக்குகிறார். நகரத்துக்கு வந்து கட்டிய வீட்டில் கொல்லையே இல்லை. கல்லும் சட்டியும் இரண்டாவது அரிவாள்மனையும் அங்கேயே நின்றுவிட்டன. அவை செய்த வேலையையெல்லாம் இப்போது ஒரு சிங்க்கும் ஒரு பலகையும் ஒரு கந்தல் துணியும் செய்கின்றன. அத்தை இடத்தால் பிரித்து வைத்ததை நாம் கையாலும் சோப்பாலும்தான் பிரிக்க முடியும் என்பது அவ்வளவு கடினமான கணக்கா?

சுத்தம் பார்க்கத் தெரியாதவர் என்றால்கூட மனது ஆறிவிடும். என் கணவர் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார். புரட்டாசி முழுவதும் முட்டைகூடக் கிடையாது. கறி சாப்பிட்ட நாளில் தலைக்குக் குளிக்காமல் பூஜை அறையின் படியை மிதிக்கமாட்டார். குழந்தை ஒருமுறை சாப்பிட்ட கையோடு குத்துவிளக்கைத் தொட்டுவிட்டாள் என்று அவளை அழ அழத் திட்டினார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். விளக்குக்குக் காட்டும் அந்தக் கவனத்தில் பாதியைக் குழந்தை தண்ணீர் குடிக்கிற டம்ளருக்குக் காட்டக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

கறியைக் கழுவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேல்நாட்டில் சுத்தம் செய்து, பொதிந்து, குளிரவைத்து விற்கிற கோழிக்கு அந்த அறிவுரை பொருந்தும். நம் ஊர்க் கடையில் கண்முன்னே உயிரோடு பிடித்து, அறுத்து, உரித்து, மரக்கட்டையில் வைத்து வெட்டித் தருகிறார்கள். இறகும் எலும்புத் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும், அலசாமல் எப்படிச் சமைப்பது? அகன்ற பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, கறியை அதற்குள் மெதுவாக இறக்கி, தெறிக்காமல் அலசி, தண்ணீரைச் சிங்க்கின் வாய்க்கு அருகில் சாய்த்து ஊற்றுங்கள் என்கிறேன். பக்கத்தில் இருக்கும் தட்டுகளை முதலில் அப்புறப்படுத்துங்கள், பச்சடியை முன்பே நறுக்கி மூடி வையுங்கள், முடிந்ததும் சிங்க்கையும் குழாயின் பிடியையும் சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றுங்கள் என்கிறேன். மஞ்சளும் உப்பும் தடவி வைத்தாயிற்றே, கிருமி செத்திருக்குமே என்கிறார். கவுச்சி வாடை வேண்டுமானால் போகும். இரண்டு நிமிடம் மஞ்சள் தடவியதால் பச்சைக் கோழியின் மேலிருக்கும் சால்மொனெல்லா செத்துவிடும் என்று நம்ப எந்த இடமும் இல்லை.

மிச்சக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகிவிடும். புளி ஊற்றிய மீன் குழம்பு மண்சட்டியில் மறுநாள் இன்னும் ருசிக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில் தேங்காய் அரைத்து ஊற்றிய கோழிக் குழம்பையும் இரவெல்லாம் அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு, காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்கிறார். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது.

இது ஆண்களின் குறை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னார்குடியில் இருக்கும் என் தங்கையின் வீட்டில் கதை தலைகீழ். அங்கே கறி வெட்டிய பலகையிலேயே தக்காளி நறுக்குகிறவள் அவள். பார்த்துப் பார்த்து நொந்துபோவது அவள் கணவர். அவர் எதையாவது சொன்னால், அடுப்படி விஷயத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறாள். பாவம், தீபாவளியன்று என்னிடம் வந்து ஒரு மணி நேரம் புலம்பினார்.

அஞ்சறைப் பெட்டியைக் கொட்டிய அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை அரைகுறையாகத்தான் இருக்கிறது. தன் சமையலை நான் கேவலப்படுத்திவிட்டேன் என்று அவர் அத்தைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அத்தை மறுபேச்சுப் பேசவில்லை. நேற்று மாலை பேருந்தில் வந்து இறங்கியபோது அவர் கையில் சாக்குத்துணி சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால், அந்தப் பழைய கவுச்சி அரிவாள்மனை. வெளியே துணி துவைக்கும் குழாயடியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, "தம்பி, கறி இங்கே, காய் உள்ளே" என்று மட்டும் சொன்னார். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஒரு புது சோப்பும் அகன்ற பாத்திரம் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன்.