போயியை ஒரே வரில தள்ளிட்டீங்களே

கட்டுரை நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹவாய் சாப்பாடு பத்தி எழுதிட்டு போயியை மட்டும் "ஊதா கலர் பசை, ருசியே இல்ல"ன்னு முடிச்சுட்டீங்க பாருங்க, அது சரியில்ல. அது வேற ஒண்ணுமில்ல, நம்ம சேப்பங்கிழங்குல செய்யறதுதான், அந்தக் கிழங்க ஹவாய்க்காரங்க கலோன்னு சொல்றாங்க. வேகவச்சு தோல சுரண்டிட்டு மரப்பலகைல போட்டு கல்லு குழவியால இடிச்சு, தண்ணி தொட்டு தொட்டு வழவழன்னு கொண்டுவரணும், கை விட்டுப்போகும். மொத நாள் லேசா இனிக்கும், ரெண்டு மூணு நாள்ல இட்லி மாவு கணக்கா புளிச்சிரும், அந்தப் புளிப்புக்குன்னே காத்திருந்து சாப்பிடுறவங்க இருக்காங்க. உப்பு மீனோ பன்றிக்கறியோ கூட இல்லாம வெறும் போயிய நக்கிப் பாத்துட்டு குறை சொல்றது, கொழம்பு ஊத்தாம களி தின்னுட்டு சப்புன்னு இருக்குங்கற மாதிரி.

அவங்களுக்கு அது வெறும் கிழங்கும் கெடையாது. செத்துப் பொறந்த கொழந்தை ஹாலோவாவ பொதச்ச எடத்துல மொளச்சதுதான் மொத கலோ, அடுத்து பொறந்த தம்பி வழி வந்தவங்கதான் ஹவாய் ஜனங்கன்னு கதை, அதனால செடி அவங்களுக்கு அண்ணன். போயி சட்டி தொறந்திருக்கும்போது வீட்ல சண்டை போடக்கூடாதும்பாங்க. 2006ல ஹவாய் பல்கலைக்கழகம் மூணு கலோ ரகத்துக்கு வச்சிருந்த பேட்டன்ட்ட போராட்டத்துக்கு அப்புறம் விட்டுக்கொடுத்துச்சு, அண்ணனுக்கு யாராவது பேட்டன்ட் வாங்குவாங்களா? கரும்புத் தோட்டத்துக்காரங்க ஓடைத் தண்ணிய திருப்பிவிட்டு கலோ வயல காயவச்ச கதை தனி, அதையும் ஒரு கட்டுரையா எழுதுங்க சார்.