மாடிக்குக் கம்பி விட்ட கம்ப்யூட்டர்

வீடு கட்டும்போது மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் விட்டு வைப்போம். இப்போது கையில் காசில்லை, பின்னால் மாடி எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் முதல் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பங்களும் இதே கணக்கைத்தான் போட்டன. அந்தக் கணக்குக்குச் சரியான விடை சின்க்ளேர் கம்பெனியின் 48 கேபி மெமரி கொண்ட ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏகார்ன் கம்பெனியின் பிபிசி மைக்ரோதான் என்று வாதாடும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சின்க்ளேரின் இசட்எக்ஸ்81. 1981-ல் 69.95 பவுண்டு. அந்த விலைக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் மெமரி 1 கேபி, அதாவது 1024 பைட். திரை முழுக்க எழுத்தை நிரப்பினால் அதற்கே 793 பைட் போய்விடும். கம்ப்யூட்டர் தன் சொந்தக் கணக்குகளுக்கு 125 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் என்ன புரோகிராம் எழுதுவது? சரி, 16 கேபி ரேம் பேக் என்ற கூடுதல் மெமரிப் பெட்டியை வாங்கிப் பின்னால் செருகலாம். அது செருகிய இடத்தில் ஆடும். கீயைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் போதும், திரை அப்படியே வெளுத்து, ஒரு மணி நேரம் அடித்ததெல்லாம் போய்விடும்.

பிபிசி மைக்ரோ அப்படியில்லை. கவிழ்த்துப் பார்த்தால் பிளாப்பிக்கு, பிரிண்டருக்கு, இரண்டாவது பிராசசருக்கு என்று இணைப்புகள் வரிசையாக இருக்கும். 1985-ல் ஏகார்ன் தன் முதல் ஆர்ம் பிராசசர் சிப்பை அந்த இரண்டாவது பிராசசர் இணைப்பு வழியாகத்தான் ஓட்டிப் பார்த்தது. நம் நாட்டில் 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்ததும் இந்த இயந்திரம்தான். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் மாடல் பி 399 பவுண்டு. கட்டுப்படியாகாமல் 299 பவுண்டுக்கு மாடல் ஏ வாங்கினால் 16 கேபிதான், நல்ல கிராபிக்ஸ் மோடுகள் அதில் வரவே வராது. மாடல் பி-யின் 32 கேபியிலும் அந்த மோடுகள் 20 கேபியை விழுங்கிவிடும். மேலே எத்தனை மாடிக்கும் கம்பி விட்டவர்கள் கீழே கூடத்தைச் சின்னதாகக் கட்டிவிட்டார்கள்.

1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் 48 கேபி 175 பவுண்டு. திரைக்கு 7 கேபிகூடப் போகாது, 41 கேபி நமக்கு. பின்பக்கம் சர்க்யூட் போர்டின் விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிராசசரான இசட்80 சிப்பின் முக்கியமான இணைப்புகள் எல்லாம் அங்கே வந்து நிற்கும். அதனால்தான் யார் யாரோ அதற்கு ஜாய்ஸ்டிக்கும் பிரிண்டரும் செய்து விற்க முடிந்தது. (பவரை அணைக்காமல் எதையும் செருகக் கூடாது, சிப் போய்விடும்.) 50 பவுண்டு மிச்சம் என்று 16 கேபி வாங்கியவர்களை நினைத்தால்தான் வருத்தம், நல்ல விளையாட்டுகள் பெரும்பாலும் 48 கேபி கேட்டன.

இணைப்புகளைப் பின்னால் வாங்கலாம், மெமரியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். திரைக்கு டிவியும் புரோகிராமைச் சேமிக்க டேப் ரெக்கார்டரும் வீட்டில் ஏற்கெனவே இருந்தன. மாடல் பி-யை விட்டதில் மிஞ்சும் 224 பவுண்டை, பிள்ளை புரோகிராம் எழுதுகிறதா விளையாடுகிறதா என்று ஆறு மாதம் பார்த்த பிறகு செலவழிக்கலாம்.