டிராகனை வீழ்த்தும்வரை காசு கட்டாதீர்கள்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆட ஆரம்பித்திருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எல்வார்க் என்ற பச்சை டிராகனை உங்கள் கையால் வீழ்த்தும்வரை மெம்பர்ஷிப் என்ற கட்டணச் சந்தாவுக்கு ஒரு காசுகூடக் கட்டாதீர்கள். அதுவரைக்கும் இலவச உலகமே போதும். இன்னும் சொல்லப்போனால், புதிதாக வருகிறவருக்கு அதுதான் நல்ல பாதை.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரில், இந்த விளையாட்டு மெல்லப் பரவிக்கொண்டிருக்கிறது. செம்பனைத் தோட்டத்திலும் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் சாயங்காலம் மாமாக் உணவுக்கடை வைஃபையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். பலர் கையில் இருப்பது பழைய கைப்பேசி. அதிலும் இது ஓடுகிறது. கொஞ்ச நாள் ஆடியதுமே எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணே, மெம்பர் எடுக்கட்டுமா?" என் அக்கா மகளும் அதையேதான் கேட்டாள். "மாமா, ஃப்ரீயில ஒண்ணுமே இல்லைன்னு சொல்றாங்க."

ஒன்றுமே இல்லையா? சண்டை, மந்திரம், மீன்பிடி, சமையல், சுரங்கம், கொல்லு வேலை (உலோகத்தை அடித்துப் பொருள் செய்வது), மரம் வெட்டுதல் என்று 15 திறன்கள் இலவசத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் 99-ஆவது லெவல் வரை கொண்டு போகலாம். அதற்கு ஒரு திறனுக்கு 13,034,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-ஆவது லெவலை எட்டும்போதுதான் அதில் பாதி தூரம் வந்திருப்பீர்கள். இலவசத்தில் ஆட ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் பிறந்தது. ஆண்ட்ரூ கோவரும் அவர் சகோதரர் பாலும் சேர்ந்து செய்தது. பிறகு ஜேகெக்ஸ் நிறுவனம் அதை மாற்றிக்கொண்டே போனதில் பழைய ஆட்டக்காரர்கள் பலர் மனம் விட்டுப் போனார்கள். கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி, பத்திரமாக வைத்திருந்த 2007 ஆகஸ்ட் மாதப் பிரதியை எடுத்து 2013 பிப்ரவரியில் தனி விளையாட்டாகத் திறந்தார்கள். அதுதான் ஓல்டு ஸ்கூல். இன்றைக்கும் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் ஆடுபவர்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். 2018 அக்டோபரில் கைப்பேசிக்கு வந்தது. கணினியில் ஆடும் அதே கணக்கைக் கைப்பேசியிலும் தொடரலாம்.

எங்கள் பக்கம் லைன் எப்படியிருக்கும் என்று தெரியும். மழை பிடித்தால் இரண்டு கோடுதான் நிற்கும். இந்த விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒரு தடவைதான் நம் கட்டளையை எடுத்துக்கொள்கிறது. அதனால் மற்ற சண்டை விளையாட்டுகளில் உயிரை வாங்கும் சின்னத் தாமதங்கள் இதில் அவ்வளவாக உறைப்பதில்லை. தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பயிற்சித் தீவை முடித்தால் லம்பிரிட்ஜில் இறக்கிவிடுவார்கள். புதிதாக வரும் பையன்கள் நேராகக் கோழியையும் மாட்டையும் அடிக்கப் போய்விடுகிறார்கள். மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். வேண்டாம். முதலில் கோட்டைச் சமையற்காரரிடம் பேசுங்கள். அவருக்கு முட்டை, பால், மாவு மூன்றும் வேண்டும். முட்டை கோழிப் பண்ணையில் கிடக்கும். பாலைக் கறக்க வேண்டும். மாவுக்குக் கோதுமை பறித்து, வடக்கே இருக்கும் காற்றாலையின் மேல் மாடிக்கு ஏறி, தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுத்துவிட்டு, கீழே வந்து காலிச் சட்டியில் அள்ள வேண்டும். பரிசு சின்னதுதான். ஆனால் இந்த உலகத்தில் ஒரு பொருள் எங்கேயிருந்து வருகிறது என்பதை அந்தக் காற்றாலை புரியவைத்துவிடும்.

அதற்கப்புறம் குவெஸ்ட், குவெஸ்ட், குவெஸ்ட். அதாவது கதையோடு வரும் பணிகள். மாடு அடித்துக் கைவலிக்க ஏற்றும் லெவலை ஒரு கதையை முடித்தாலே கொடுத்துவிடுவார்கள். டோரிக் என்ற குள்ளனுக்குக் களிமண் ஆறு, செம்புத் தாது நான்கு, இரும்புத் தாது இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தால் சுரங்கத் திறனில் 1,300 புள்ளி. ஒன்றில் இருப்பவர் பத்தாவது லெவலுக்குப் போய்விடுவார். டிரேனர் கிராமத்து மாளிகையில் இருக்கும் ரத்தக்காட்டேரியைக் கொன்றால் தாக்குதலில் 4,825. பூண்டு கொண்டுபோக மறக்காதீர்கள், அதன் வாடைக்கு அது பலவீனமாகிவிடும். மந்திரவாதி கோபுரத்தில் இருக்கும் மிஸ்கோக்குக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை மணிகளைக் கொடுத்தால் மந்திரத்தில் 875.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வீரனின் வாள் கதை. ஃபலாடோர் கோட்டையில் ஒரு வேலைக்காரப் பையன் தன் எஜமானரின் வாளைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறான். அதைப் போலவே இன்னொன்று செய்ய வேண்டும். வாராக் நூலகத்தில் விசாரித்தால், அந்த வகை வாளைச் செய்யத் தெரிந்த குள்ளர் ஒருவர் தெற்கே இருப்பதாகத் தகவல் கிடைக்கும். தர்கோ என்று பெயர். அவர் சும்மா பேசமாட்டார். ரெட்பெரி பை கொடுத்தால்தான் வாய் திறப்பார். பிறகு பனிக் குகைக்குள் போய், பனி ராட்சதர்கள் துரத்தத் துரத்த நீல நிறத் தாதுவை வெட்டி எடுத்துவர வேண்டும். முடித்தால் கொல்லு வேலையில் 12,725 புள்ளி. ஒரு வாளைக்கூட அடிக்காமல் 29-ஆவது லெவல். நான் பார்த்த பல பேர் இதை விட்டுவிட்டு வெண்கலக் கத்தியாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மீன் பிடிக்க கரம்ஜா தீவுக்குப் போங்கள். போர்ட் சாரிமில் 30 காசு (விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் காசு) கொடுத்துக் கப்பல் ஏற வேண்டும். 40-ஆவது லெவலில் இருந்து அங்கே லாப்ஸ்டர் கிடைக்கும். சமைத்துத் தின்றால் 12 உயிர்ப்புள்ளி திரும்பும். திரும்பிவரவும் 30 காசு வேண்டும். கையில் இல்லாமல் மாட்டிக்கொள்பவர்களுக்கு அங்கேயே ஒரு வழி இருக்கிறது. தீவில் லூதாஸ் என்பவரின் வாழைத் தோட்டம் இருக்கிறது. பத்து வாழைப்பழம் பறித்துப் பெட்டியில் நிரப்பினால் 30 காசு கூலி. ஒரு பெட்டி, ஒரு கப்பல் கட்டணம். முதல் தடவை அந்தக் கூலியை வாங்கியபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் கனத்தது. எங்கள் பாட்டி பால்மரம் வெட்டி, எடை போட்டு, கிராணி எழுதும் கணக்குக்காகக் காத்து நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். கற்பனை உலகத்திலும் தோட்டக் கூலிக்கு நிற்கிறோமே என்று நினைத்தேன். அதே சமயம், அந்தத் தீவைவிட்டு வெளியேற யார் தயவும் வேண்டாம், என் கை போதும் என்ற நினைப்பு பிடித்தும் இருந்தது.

இனி டிராகன். இதற்காகத்தான் இவ்வளவும்.

டிராகன் ஸ்லேயர் குவெஸ்டைத் தொடங்க, மற்ற குவெஸ்ட்களை முடித்துச் சேர்க்கும் குவெஸ்ட் பாயின்ட் 32 வேண்டும். இலவசக் குவெஸ்ட்களில் பெரும்பாலானவற்றை முடிக்காமல் அது வராது. வாராக்குக்குத் தென்மேற்கே சாம்பியன்ஸ் கில்டில் தொடங்கி, எட்ஜ்வில்லில் ஓசியாக் என்பவரைப் பார்க்க வேண்டும். டிராகன் இருக்கும் கிராண்டோர் தீவுக்குப் போகும் வரைபடம் மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இந்த மூன்றில்தான் நீங்கள் இதுவரை கற்றது எல்லாம் வேலைக்கு வரும்.

ஒரு துண்டு மெல்சாரின் மாளிகையில். அறைக்கு அறை சாவி தேடி, எலி, பேய், எலும்புக்கூடு என்று கொன்றுகொண்டே போய், கடைசியில் ஒரு பூதத்தோடு மோத வேண்டும். உணவு நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குள்ளர்களின் சுரங்கத்தில் மந்திரம் போட்ட கதவுக்குப் பின்னால். அதைத் திறக்க நான்கு பொருள் வேண்டும்: பட்டு, லாப்ஸ்டர் கூண்டு, ஃபலாடோர் மதுக்கடையில் விற்கும் மைண்ட் பாம்ப் என்ற பானம், அப்புறம் சுடாத மண் கிண்ணம். கிண்ணத்தைச் சூளையில் வைத்துவிடாதீர்கள். பழக்க தோஷத்தில் சுட்டுவிட்டு, மறுபடி களிமண் தேடி ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, போர்ட் சாரிம் சிறையில் இருக்கும் வோர்ம்பிரெயின் என்ற கோப்ளினிடம். அவன் 10,000 காசு கேட்பான். கொடுக்காதீர்கள். கம்பிக்கு வெளியே நின்று அம்பாலோ மந்திரத்தாலோ அவனைக் கொல்லலாம். துண்டு உள்ளே விழும். மந்திரத்தில் 33-ஆவது லெவல் இருந்தால் டெலிகினெடிக் கிராப் மந்திரத்தால் வெளியே இழுத்துக்கொள்ளலாம். மந்திரக் கற்களில் ஒரு லா ரூன், ஒரு ஏர் ரூன், அவ்வளவுதான் செலவு. அக்கா மகள் இதைச் செய்த அன்று, "மாமா, பத்தாயிரம் மிச்சம்!" என்று கத்தியதில் அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு மந்திரத்தை வளர்த்தது ஏன் என்று நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு கப்பல். போர்ட் சாரிமில் கிளாரன்ஸ் என்பவர் ஓட்டைக் கப்பலை 2,000 காசுக்கு விற்பார். ஓட்டையை அடைக்க மூன்று பலகை, 90 எஃகு ஆணி, ஒரு சுத்தியல். ஒரு எஃகுக் கட்டியில் 15 ஆணி வரும், ஆகவே ஆறு கட்டி. கொல்லு வேலையில் 34-ஆவது லெவல் இருந்தால் ஆணியை நீங்களே அடித்துக்கொள்ளலாம். வீரனின் வாள் 29 வரை தூக்கிவிட்டிருக்கும், மிச்சம் கொஞ்சம்தான். கப்பலோட்டி, டிரேனரில் கயிறு திரித்துக்கொண்டிருக்கும் கிழவர் நெட்.

கிளம்பும் முன் லம்பிரிட்ஜ் கோட்டை மாடியில் இருக்கும் பிரபுவிடம் டிராகன் நெருப்பைத் தடுக்கும் கேடயத்தைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகவே தருவார். அது இல்லாமல் எல்வார்க் முன்னால் நின்றால் அதிக நேரம் நிற்கமாட்டீர்கள். கேடயம் ஒரு கையில் இருப்பதால் இரண்டு கை வாள் உதவாது. தாக்குதலில் 40 வந்திருந்தால் ரூன் என்ற உலோகத்தில் செய்த சிமிட்டார் (வளைந்த வாள்) நல்லது. மிச்ச இடத்தையெல்லாம் லாப்ஸ்டரோ 14 புள்ளி தரும் ஸ்வோர்டுஃபிஷோ வைத்து நிரப்புங்கள். பிரார்த்தனையில் 43 இருந்தால் கைத்தாக்குதலைத் தடுக்கும் பிரார்த்தனையும் கிடைக்கும். பிறகு அது நகத்தால் அடிப்பது உறைக்காது, நெருப்பை மட்டும் சமாளித்தால் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. தீவில் இறங்கி நிலவறைக்குள் போனதும் உடனே டிராகனிடம் போகாதீர்கள். அங்கே சுவரில் ஒரு ரகசியக் கதவு இருக்கிறது, கரம்ஜா எரிமலைக்கு அடியில் இருக்கும் குகைக்குள் திறக்கும். முதலில் அதைத் திறந்துவிடுங்கள். செத்துப்போனால்கூடக் கப்பலை மறுபடி சரிசெய்ய வேண்டியதில்லை, கரம்ஜா வழியாக நடந்தே திரும்பலாம். உங்கள் பொருள்கள் கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும். இந்த வழி தெரிந்தவருக்கு அந்த நேரம் உதவும்.

எல்வார்க்கின் லெவல் 83. அக்கா மகள் அதைக் கொன்றபோது அவள் பையில் ஒரே ஒரு லாப்ஸ்டர் மிச்சம். கடைசி நெருப்புக்கு அவள் மூச்சை அடக்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலிமையிலும் தற்காப்பிலும் 18,650 புள்ளி, அப்புறம் ரூன் மார்புக் கவசத்தைப் போட்டுக்கொள்ளும் உரிமை. அதைப் போட்டுக்கொண்டு அவள் வாராக் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கவசத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஆனால் டிராகனைக் கொல்லாதவர் அதை உடம்பில் மாட்ட முடியாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எதிர்க் கருத்தும் எனக்குத் தெரியும். மெம்பர் உலகில் அருவிக் குவெஸ்ட் ஒன்று இருக்கிறது. எந்த லெவலும் இல்லாமல் முடித்து, தாக்குதலிலும் வலிமையிலும் ஒன்றிலிருந்து முப்பதுக்குத் தாவலாம். வேகம்தான் வேண்டும் என்றால் அது உண்மை. ஆனால் அப்படித் தாவியவர்கள் பலர் ஒரு மாதம் கழித்து அலுத்துப்போய், கட்டிய காசும் வீணாகி நிற்கிறார்கள். மாத வருமானத்தில் எண்ணிச் செலவழிக்கும் வீடுகளில் அந்த வெள்ளிக்கு மதிப்பு அதிகம். டிராகன் வரைக்கும் வந்தவருக்கு இது தனக்குப் பிடித்த விளையாட்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் கட்டட்டும், தாராளமாக.

யாரிடமோ நிஜப் பணம் கொடுத்துக் கோல்டு, அதாவது விளையாட்டுக் காசு, வாங்குவதைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. விதிக்குப் புறம்பானது, கணக்கே போய்விடும். நிஜப் பணம் கொடுத்துக் கோல்டு பெற நிறுவனமே பாண்ட் என்ற ஒன்றை விற்கிறது. புதிய இலவசக் கணக்குகளுக்கு 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் பாயின்ட், மொத்த லெவல் 100 மூன்றும் வரும்வரை வியாபாரத்தில் கட்டுப்பாடு இருக்கும். அதைக் கண்டு எரிச்சல்பட்டு வெளியே வாங்கப் போகாதீர்கள். காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன், கவசத்துக்கு ஓர அலங்காரம் போட்டுத் தருகிறேன், பின்னாலேயே வா என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். அந்தப் "பின்னாலேயே வா" பெரும்பாலும் எட்ஜ்வில்லுக்கு வடக்கே வைல்டர்னஸில்தான் முடியும். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். விளையாட்டுக்குள் இருக்கும் உங்கள் பேங்குக்கு நான்கு இலக்க ரகசிய எண் போடுங்கள், உள்நுழையும்போது கூடுதல் குறியீடு கேட்கும் ஆத்தென்டிகேட்டரை இன்றைக்கே இணையுங்கள்.

இந்த வாரம் டிராகன் ஸ்லேயரில் நிற்பவர்கள், எந்தத் துண்டில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். சனிக்கிழமை இரவு நான் கரம்ஜாவில் லாப்ஸ்டர் பிடித்துக்கொண்டிருப்பேன். உணவு பத்தாதவர்கள் அங்கே வரலாம்.