வாசிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்

“நூலை நான் இன்னும் வாசிக்கவில்லை. ஆனாலும் ஒரு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.”

ஏன் ஐயா விரும்புகிறீர்கள்? யார் கேட்டது? வாசிக்காத ஒன்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட இந்த நாட்டில் ஆளே இல்லையா? ஞாயிறு மாலை மட்டக்களப்பு கல்லடியில், ஒரு சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டு விழாவில் இந்த வாசகம் காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். மங்கள விளக்கேற்றல், மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை என்று வரிசையாக வந்து, எழுதியவரின் தகப்பனார் எவ்வளவு நல்லவர், படித்த பாடசாலை எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் சபை அறிந்துகொண்ட பிறகு, ஏற்புரைக்கு முன்னால் ஒரு துண்டு நேரம் ஒதுக்குவார்கள். சபையோர் கருத்து. புத்தகத்தைப் பற்றி யாராவது ஏதாவது பேசுவதென்றால் அந்தத் துண்டு நேரத்தில்தான் பேசியாக வேண்டும். அதைத்தான் இந்த மனிதர் முழுசாக விழுங்கினார்.

முதலில் ஒலிவாங்கியைத் தட்டினார். “கேட்கிறதா?” என்றார். கேட்கிறது என்றோம். மறுபடி தட்டினார். பின்வரிசைக்கும் கேட்கிறதா என்றார். பின்வரிசையில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அதைவிட வேறு சான்று வேண்டுமா? பிறகு மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பட்டம் பதவியோடு விளித்தார். பாதியில் எழுந்து போய்விட்ட பிரமுகரையும் விடவில்லை. வெறும் கதிரைக்கு ஒரு வணக்கம் போட்டார். அதன் பிறகுதான் அந்த ஒப்புதல் வாக்குமூலம்: வாசிக்கவில்லை, ஆனாலும்.

அட்டைப்படத்தில் தொடங்கினார். “அட்டையே இந்த நூலின் கதையைச் சொல்லிவிடுகிறது. தோணி ஒன்று தெரிகிறது. எமது வாவி மீனவர்களின் துன்பத்தை ஆசிரியர் அருமையாக வடித்திருக்கிறார்.” ஐயா, அது தோணி இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடந்த பாதை. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனங்கள் அதற்காகத் துறையில் நின்று காய்ந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் அந்தப் பிள்ளை ஒரு தொகுதி நிறையக் கதைகள் எழுதியிருக்கிறாள். புத்தகம் முழுவதும் தேடினாலும் ஒரு மீனவர் இல்லை. ஒரு மீன்கூட இல்லை, கடைசிக் கதையில் வரும் கருவாட்டுக் குழம்பைத் தவிர.

அடுத்து விபுலாநந்த அடிகள் வந்தார். வராமல் இருப்பாரா? இங்கே சாமத்திய வீடாக இருந்தாலும் சனசமூக நிலையத் திறப்பாக இருந்தாலும் அடிகளை அழைக்காமல் ஒலிவாங்கி வேலை செய்யாது. காரைதீவில் பிறந்ததைச் சொன்னார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்ததைச் சொன்னார், பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூலைச் சொன்னார். சமாதி அருகிலேயே இருக்கிறது. அடிகள் அங்கே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ. 1947 இல் அந்த யாழ் நூலைத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அறிஞர்கள் முன்னிலையில் அரங்கேற்றினார். அதற்கு அடுத்த மாதமே கண்ணை மூடினார். பல்லாண்டு உழைத்து எழுதியதைக் கற்றவர் சபையில் வைத்த மனிதர் அவர். வந்திருந்தவர்கள் “அடிகளே, இன்னும் வாசிக்கவில்லை, ஆனாலும் அட்டை அழகு” என்றா சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்?

பிறகு அடிகளின் மலர்ப் பாட்டைப் பாடத் தொடங்கினார். முதலடி வந்தது. இரண்டாவது அடி வரவில்லை. கூரையைப் பார்த்தார், கூரையிலும் இல்லை. மறுபடி முதலடியிலிருந்து எடுத்தார். ஓடி வந்து பாய்ந்தால் இரண்டாவது அடி அகப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை போலும். முன்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியை பொறுக்க முடியாமல் எடுத்துக்கொடுத்தார். அதற்கு ஐந்து நிமிடம் நன்றி சொன்னார்.

அதோடு முடியும் என்றுதானே நினைப்பீர்கள்? சூறாவளி வந்தது. 1978 நவம்பர் 23. அன்றிரவு மட்டக்களப்பு பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் இன்றுவரை அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் இந்தப் புத்தகத்தில் சூறாவளி எங்கே வருகிறது? வரவில்லை. இவருடைய ஓடுகள் பறந்தன, தென்னைகள் முறிந்தன, பக்கத்து வீட்டுத் தகரம் இவர் வளவில் வந்து விழுந்தது, அந்தத் தகரத்துக்காகப் பக்கத்து வீட்டோடு வழக்கு வந்தது. தகரத்தின் நீள அகலத்தைக்கூடச் சொன்னார். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று ஒரு கணம் எனக்கே ஆவல் வந்துவிட்டதுதான் கொடுமை. அதைச் சொல்லாமல் தனது கவிதைத் தொகுதிக்குப் போய்விட்டார்.

தலைவர் ஒரு துண்டுக் கடதாசி அனுப்பினார். அதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். (பாருங்கள், வாசிக்கத் தெரிகிறது.) மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, “நேரம் போதாது என்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன்” என்றார். முடிக்கவில்லை. “இறுதியாக” என்றார். “இறுதியாக இன்னுமொன்று” என்றார். கல்முனைப் பக்கம் போக இருந்தவர்கள் பஸ்ஸை நினைத்து ஒவ்வொருவராகக் குனிந்து குனிந்து வெளியேறினார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது எழுதியவளை. சபையோர் கருத்து என்று அறிவித்ததும் அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து மடியில் விரித்து, தேதி போட்டு, அடியில் கோடும் கீறினாள். சொல்வதைக் குறித்துக்கொள்ளத்தான். தோணி வந்தபோது பேனை தாளுக்கு மேலே அப்படியே நின்றது. சூறாவளி தொடங்கியதும் மூடியைப் போட்டாள்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலில் பவணந்தி முனிவர் எழுதிவைத்து ஏறக்குறைய 800 ஆண்டுகள் இருக்கும். எழுதுகிறவனுக்குச் சொன்னது அது; கருத்துச் சொல்கிறவனுக்கு ஒரு பத்தைத் தனியாகச் சொல்லாமல் போனாரே என்று கவலைப்படவே வேண்டாம், அதே பத்தும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. கூறியது கூறல், மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல் எல்லாம் நமது மேடைகளில் அன்றாடம் நடப்பவை. மற்றொன்று விரித்தலுக்குத் தகரம். சென்று தேய்ந்து இறுதலுக்கு மலர்ப் பாட்டு. குன்றக் கூறல் ஒன்றைத்தான் அவர் செய்யவில்லை, செய்திருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன் என்று எழுத வந்தேன். யோசித்தால், நூலைப் பற்றிய அளவில் அதையும் செய்துவிட்டார்.

இவர் ஒருவர்தான் என்றால் பொறுக்கலாம். “காலத்தின் தேவை” கூட்டம் ஒன்று இருக்கிறது. சமையல் குறிப்பு வந்தாலும் காலத்தின் தேவை, தோத்திரத் திரட்டு வந்தாலும் காலத்தின் தேவை. பேரப்பிள்ளை கண்ட எழுத்தாளரைப் பார்த்து “இன்னும் வளர வேண்டும்” என்று ஆசீர்வதிக்கும் கூட்டம் வேறு. எழுத்துப் பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறவர் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவர் தெய்வம். பிழை எண்ணுவதற்காவது புத்தகத்தை வாசித்திருக்கிறார் அல்லவா?

எரிச்சலின் உச்சம், “எங்கள் மண்ணின் பிள்ளை, குறை சொல்லலாமா?” என்கிற பேச்சு. சொல்லலாம்! இந்த மண்ணில்தான் அதற்கு முறையே இருந்தது. கூத்துப் பழகிய ஊர்களில் சதங்கை அணிந்த பிறகும் நேரே அரங்கேற்றத்துக்குப் போய்விடமாட்டார்கள். அடுக்குப் பார்த்தல் என்று ஒன்று நடக்கும். முழுக் கூத்தையும் ஆடிக் காட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் முன்பு ஆடித் தேர்ந்தவர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த இடத்தில் தாளம் தப்புகிறது, அந்த வரவில் ஆட்டம் போதாது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டுத் திருத்துவார். ஆடுகிறவனும் அவர்களுடைய மண்ணின் பிள்ளைதான், பெரும்பாலும் மருமகனாகவும் இருப்பான். திட்டுவதில்கூட நமக்கு ஒரு தரம் இருந்தது. கண்ணகி வழிபாட்டோடு வரும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சிகளும் ஒருவரையொருவர் வசைபாடியது பாட்டுக் கட்டித்தான். இன்றைக்குப் புகழ்வதற்குக்கூட நமக்குச் சொந்தமாக ஒரு வசனம் வரவில்லை.

சரி, யாருமே வாசிக்கவில்லையா என்றால், வாசித்திருந்தாள் ஒருத்தி. பின்வரிசையில் ஒரு மாணவி. புத்தகத்துக்குள் பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தாள். கையை உயர்த்தினாள், தாழ்த்தினாள், மறுபடி உயர்த்தினாள். தகரம் பறந்து முடிந்தபோது தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, “நேரம் போதாமையால் ஏற்புரைக்குச் செல்வோம்” என்றார். தகரத்துக்கு நேரம் இருந்தது.

பிறகு சிற்றுண்டி மேசையடியில், ஒரு கையில் றோல்ஸும் மறு கையில் புத்தகமுமாக அவள் எழுத்தாளரைப் பிடித்துவிட்டாள். பக்கத்தில் நின்றதால் என் காதிலும் விழுந்தது. “அக்கா, மூன்றாவது கதையில் அந்தத் தாய் மகனின் பெயரை ஒரு தடவையும் சொல்வதில்லை. பாதைக்காரர்தான் சொல்கிறார், அதுவும் இறங்கும்போது. வேண்டுமென்றா அப்படி எழுதினீர்கள்? எனக்கு அவர் இன்னும் கொஞ்சம் முன்னமே சொல்லியிருக்கலாம் என்று பட்டது.” எழுத்தாளர் உடனே பதில் சொல்லவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுக் கொப்பியைத் தேடினாள். அதற்குள் “பிள்ளை, படம் எடுக்க வாருங்கள்” என்று பிரமுகர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். போனாள். பொன்னாடையோடு நடுவில் நின்றாள். பக்கத்தில் யார் நின்றது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒழுங்கமைப்பாளரைப் பிடித்துக் கேட்டேன். ஒலிவாங்கியைக் கொடுக்க முன்னர் “எந்தக் கதையைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதாதா? பெரிய நிர்வாகச் சீர்திருத்தம் ஒன்றுமில்லை, ஒரே ஒரு கேள்வி. “அப்படிக் கேட்டால் யாருமே பேசமாட்டார்கள்” என்றார். பேசாமல் இருக்கட்டுமே! ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மண்டபம் இடிந்தா விழும்? சும்மா இருக்கப் பயந்தவர்கள்தான் தகரத்தைக் கொண்டுவருகிறார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். அச்சகத்துக்குப் பாதிக் காசு இன்னும் கொடுபடவில்லை. எழுதுகிறவர்களே கைக்காசு போட்டு அச்சடிக்கிறார்கள்; அது திரும்பி வருவது வெளியீட்டன்று பிரதி வாங்குகிறவர்களின் என்வலப்பில்தான். பெரிய என்வலப் கொடுக்கிறவரிடம் போய் எந்தப் பக்கம் என்று கேட்க முடியுமா? கேட்ட பிறகு எனக்கும் வாய் அடைத்துவிட்டது. அச்சகக்காரருக்கு அந்த மாணவியின் பஸ் டிக்கெட்டுகளையா கொடுப்பது? ஆனால் ஐயா, காசு கொடுத்தவர் பேசட்டும், முதலில் வாசித்தவளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டுப் பேசட்டும். அதற்குமா அச்சகக்காரர் மறுக்கப் போகிறார்?

நேற்று அடுத்த மாத நிகழ்வுக்கு அழைப்பிதழ் வந்தது. நாவல் ஒன்று. வழக்கமான உரைகள் எல்லாம் இருக்கின்றன. ஆய்வுரை என்ற இடத்தில் பெயரைப் பார்த்தேன். அவரேதான். இந்தத் தடவை சபையிலிருந்து எழும்ப வேண்டிய அவசியமே இல்லை, மேடையிலேயே கதிரை போட்டுவிட்டார்கள். தனியாக இருந்து சிரித்தேன். வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். போகத்தான் போகிறேன். அந்தத் தகர வழக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும்.

கோபத்தோடு கோபமாக இதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து வரும் வழியில் எருமைத் தயிர் என்று ஒரு முட்டி வாங்கினேன். மேலே ஆடை இல்லை, கரண்டி போட்டால் தண்ணீராக ஓடுகிறது, வாயில் வைத்தால் பால்மா மணக்கிறது. மட்டக்களப்பில்! மட்டக்களப்பில் இருந்துகொண்டு பால்மாவில் தயிர் தின்ன வேண்டுமா? திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்கிறார், “முட்டி நல்ல முட்டிதானே?”