“வன்னிப் பிள்ளைகள் படிப்பதில்லை” என்பது பொய்

“கல்வி இலவசம், பாடநூல் ஒன்று, பரீட்சை ஒன்று. அப்படியும் வன்னியில் சாதாரண தரப் (11ஆம் தர முடிவில் எழுதும் பரீட்சை) பெறுபேறு குறைந்தால் பிள்ளைகள் சோம்பேறிகள்” என்று, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி பற்றி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பொய், அநியாயமும்கூட.

பாடநூல் ஒன்று, சரி. பாடசாலைகள் ஒன்றல்ல. அரசு 1ஏபி என்று வகைப்படுத்திய பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு, 1சி பாடசாலையில் இல்லை. ‘வகை 2’ எனப்படும் பாடசாலை 11ஆம் தரத்தோடு முடிந்துவிடும். ஒரே கல்வி வலயத்துக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு. கிளிநொச்சி நகரில் ரியூஷன் நடந்துபோகும் தூரம். உட்கிராமத்துப் பிள்ளைக்கு பஸ் வேண்டும், அந்தக் காசைக் கூலிவேலை செய்யும் அம்மாதான் தேட வேண்டும். 2009இல் போரால் இடம்பெயர்ந்து, வவுனியாவின் மெனிக் பாம் அகதி முகாமில் படிப்பு குழம்பிப்போன மாணவர்கள்தான் இன்று பல வீடுகளில் பெற்றோர். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஆசை இருக்கிறது, யாராவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமே.